லிட்டருக்கு இருபத்திரண்டு

ஏறுங்க சார், ஏறுங்க. திருநவேலிக்குத்தானே? நானும் பாளையங்கோட்டைக்குத்தான் போறேன். கதவை மட்டும் கொஞ்சம் பதமா சாத்துங்க. ஓரத்துல ரப்பர் பட்டை ஒட்டியிருக்கேன், ஓங்கிச் சாத்தினா பிஞ்சு வந்திரும். ஆங், அவ்வளவுதான். கண்ணாடியை இறக்காதீங்க. வேர்க்கும், தெரியும். ஆனா கண்ணாடி இறங்கினா காத்து உள்ள பூந்து வண்டியைப் பிடிச்சு இழுக்கும். ஏசியும் போடறது இல்ல. முன்னால போடுவேன், வீட்டுக்காரிக்குப் புழுக்கம் ஆகாது. இப்போ அந்தத் தேவை இல்ல.

பஸ்ஸுக்கு என்ன, கிளட்சு போயிட்டா? காவல்கிணறு விலக்குல நின்னா அடுத்தது எப்போ வரும்னு சொல்ல முடியாது. நீங்க யோசிச்சதை நான் பாத்தேன் சார். வண்டியோட பின்பக்கத்தைப் பாத்தீங்க, ஓரடி பின்னால போனீங்க, அப்புறம்தான் ஏறினீங்க. அதுல எனக்கு வருத்தமே இல்ல. எல்லாரும் அப்படித்தான். கேக்கத் தயங்குதீங்க, நானே சொல்லிருதேன். அது வால். மூணடி நீளம். பைபர்ல நானே செஞ்சது. நுனியில சிவப்புத் துணி கட்டியிருக்கேன், சட்டத்துக்காக. டிக்கி திறக்க முடியாது, அது ஒண்ணுதான் குறை.

அந்தப் பக்கக் கண்ணாடியைத் தேடுதீங்களா? எடுத்துட்டேன். காது மாதிரி வெளிய நீட்டிக்கிட்டு நிக்கிற சாமான், காத்து அதுல போய் முட்டிக்கிட்டே இருக்கும். உங்க பக்கம் ஏதாவது வண்டி ஏறி வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க. முன்னால ரோஸ்லெட் சொல்லுவா. ரோஸ்லெட்தான் என் வீட்டுக்காரி. அவகிட்டதான் இப்போ போறேன்.

என் பேரு தேவதாசன். ஊரு தோவாளை. இந்தா ரெண்டு பக்கமும் சுத்துதே கரண்டு எடுக்கிற காத்தாடி, இதுல பத்தொன்பது வருஷம் வேலை பாத்தவன். ஆபீஸ்ல உக்காந்து இல்ல. கயித்துல தொங்கிக்கிட்டு. இறக்கையோட விளிம்பு இருக்கே, அதைக் காத்தும் மண்ணும் அரிச்சு அரிச்சுப் பள்ளம் பண்ணிரும். அந்தப் பள்ளத்தைப் பைபர் வச்சு அடைச்சு, காயவிட்டு, தேய்ச்சு, கையால தடவிப் பாத்தா எது பழசு எது புதுசுன்னு தெரியாத மாதிரி ஆக்கணும். அதுதான் என் வேலை. ஒரு அரிசி அளவு மேடு இருந்தாலும் என் விரலுக்குத் தெரிஞ்சிரும். நான் தேய்ச்ச காத்தாடி மத்ததுக்கு முன்னாலயே சுத்த ஆரம்பிக்கும்னு நூறு தடவை சொல்லியிருக்கேன். சின்னச் சின்ன இஞ்சினீயருங்க, 'அதுக்கு ஆதாரம் இருக்கா அண்ணாச்சி'ன்னு கேட்டுச் சிரிப்பானுங்க. ரிட்டையர் ஆகும்போது ஒரு சுவர்க் கடிகாரம் குடுத்தாங்க. அது ஓடல. அதை விடுங்க.

காத்தைப் பத்தி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், அதைத்தான் சொல்ல வந்தேன். ஜனங்க என்ன நினைக்காங்க? வண்டி போகும்போது முன்னால இருக்கிற காத்துதான் தடுக்குதுன்னு நினைக்காங்க. கிடையாது. பின்னால இருக்கிறதுதான் பெரிய வில்லங்கம். ஒரு பஸ் வேகமா போனா ரோட்டுல கிடக்கிற காகிதமெல்லாம் அதுக்குப் பின்னாலயே ஓடுதுல்ல, பாத்திருப்பீங்க. அங்க ஒரு வெத்திடம். அது வண்டியைப் பின்னால இழுத்துக்கிட்டே வரும். வண்டியோட பின்பக்கம் செவுரு மாதிரி சட்டுன்னு முடியக் கூடாது. மெல்ல மெல்ல ஒடுங்கி முடியணும். மீனைப் பாருங்க, எப்படி முடியுது? எங்க தெருவுல இந்த வண்டிக்கு 'மீன்'னுதான் பேரு வச்சிருக்காங்க. கேலிக்குத்தான் வச்சாங்க. ஆனா சரியாத்தான் வச்சிருக்காங்க.

போன வருஷம் ஆனியில ஆரம்பிச்சேன். ரிட்டையர் ஆகி ரெண்டு மாசம் சும்மா உக்காந்திருந்தேன், அதுக்கு மேல முடியல. இது பழைய எண்ணூறு சிசி காரு, வாங்கினதுல இருந்து லிட்டருக்குப் பதினேழுதான் குடுத்தது. முதல்ல முன்பக்க ஓட்டையெல்லாம் அடைச்சேன், இஞ்சின் மூச்சு விடக் கீழ ஒரு சந்து மட்டும் விட்டேன். அப்புறம் அடிவயிறு. வண்டிக்கு அடியில குனிஞ்சு பாத்தா குழாயும் கம்பியுமா குடலு மாதிரி கிடக்கும், அத்தனைக்கும் சேத்து வழவழன்னு ஒரு தட்டு செஞ்சு மூடினேன். கடைசியா வால். மூணு வாலு செஞ்சேன் சார். முதல் வாலு ஆராம்பொழி கணவாய்க் காத்துல பறந்து போயி ஒரு வாழைத் தோட்டத்துல விழுந்துச்சு. தோட்டக்காரர் கைல அருவாளோட வந்தார். அவருக்கும் விளக்கிச் சொன்னேன், கேட்டுக்கிட்டார்.

வெறும் பேச்சு இல்ல, சோதிச்சும் பாத்தேன். வண்டி பின்னால பூரா சிவப்பு நூலை ரெண்டு ரெண்டு இஞ்சு வெட்டி ஒட்டினேன். காத்து ஒழுங்கா போனா நூலு படிஞ்சு கிடக்கும், சுழண்டா எழும்பி ஆடும். என் மச்சினன் எட்வினைப் பைக்குல பின்னால வரச்சொல்லி செல்லுல படம் பிடிக்கச் சொன்னேன். வால் இல்லாம ஓட்டினப்போ நூலு ஒண்ணொண்ணும் பேயாடுது. வாலை மாட்டி ஓட்டினா அத்தனையும் வாரின தலை மாதிரி படிஞ்சு கிடக்கு. எட்வின் என்ன சொன்னான் தெரியுமா? அத்தான், எல்லாம் சரி, உங்களைப் பாத்து ரோட்டுல நாலு பேரு செல்பி எடுத்தாங்கன்னான். அவன் புத்தி அம்புட்டுத்தான். இன்னைக்கு அவன் வீட்டுலதான் பால்காய்ப்பு. பாளையங்கோட்டையில புதுசா கட்டியிருக்கான்.

ஆனா ஒண்ணு ஒத்துக்கிடணும். நான் பொய் சொல்லுத ஆளு இல்ல. இத்தனை பண்ணியும் பதினெட்டுதான் வந்துச்சு. ஒரே ஒரு கிலோமீட்டர் கூடுச்சு. ஞாயித்துக்கிழமை கோயிலு, வாரத்துல ரெண்டு நாளு மாமியாரை நாகர்கோவில்ல மூட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது, இதுதான் ஓட்டம். மாமியார் எங்களோடதான் இருக்காங்க. பின் சீட்டு முழுசும் அவங்களுக்கே சரியா இருக்கும். ரோஸ்லெட் முன்னால, நீங்க இருக்கிற இடத்துல. அப்போ எல்லாம் அவ ஒண்ணும் சொன்னது இல்ல. வாலைப் பாத்துச் சிரிச்சா, அவ்வளவுதான். நூலு ஒட்டினதே அவதான், அவ விரலு சின்ன விரலு.

பதினெட்டுலயே நிக்குதேன்னு மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டேன். அப்போதான் புத்தியில தட்டுச்சு, சக்கரம். சக்கரத்துல இருக்கிற ஓட்டையும் மேடும் பள்ளமும் காத்தைப் போட்டு கடையுது. அதுக்குத் தட்டையா ஒரு மூடி வேணும். தேடினேன். எவர்சில்வர்தான் சரி, துருப்பிடிக்காது. வீட்டுலயே இருந்துச்சு சார். பரண்மேல பழைய சேலையில பொதிஞ்சு நாலு தாம்பாளம். எடுத்துச் சக்கரத்துல வச்சுப் பாத்தேன், நூல் பிசகல. நாலு சக்கரம், நாலு தாம்பாளம்.

அது அவ கல்யாணத்துக்கு அவ அப்பா குடுத்தது. மாசிலாமணின்னு பேரு. நாகர்கோவில்ல பாத்திரக்கடையில பேரு வெட்டுறவரு. குடத்தைக் குடுத்தா மடியில வச்சு, சின்ன உளியால டொக்கு டொக்குன்னு புள்ளி புள்ளியா எழுதுவாரே, அந்த வேலை. ஆயுசு பூரா அதான். எங்க பக்கம் எந்த வீட்டுச் செம்பைத் திருப்பினாலும் அவரு எழுத்து இருக்கும். மத்தவங்க பேரை வெட்டி வெட்டியே மனுசன் போய்ச் சேந்தாரு. அந்தத் தாம்பாளத்துல மட்டும் 'ரோஸ்லெட்டுக்கு அப்பா மாசிலாமணி'ன்னு தன் பேரையும் வெட்டியிருந்தாரு. கை நடுங்க ஆரம்பிச்ச காலம், கடைசி எழுத்து கொஞ்சம் மேல ஏறிப் போயிருக்கும். மத்த பாத்திரமெல்லாம் நசுங்கி நசுங்கி மாத்தியாச்சு. அந்த நாலுதான் மிச்சம். அதை அவ எடுத்துப் புழங்கினதே இல்ல. வருஷத்துக்கு ஒருக்கா இறக்கித் துடைப்பா, திரும்பப் பொதிஞ்சு வைப்பா. சும்மா கிடந்த சாமான் சார்.

ஒவ்வொண்ணுலயும் நாலு ஓட்டை போட்டேன். மாட்டினேன். சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிஞ்சுது. நான் அவகிட்ட சொல்லல, ஆச்சரியப்படுத்தணும்னு இருந்தேன். மறுநாளு காலையில கோயிலுக்குப் போக பைபிளும் கையுமா வந்தா. முன் சக்கரத்துக்கிட்ட நின்னா. முதல்ல ஏதோ புதுசா வாங்கினதுன்னு நினைச்சா போல. அப்புறம் குனிஞ்சா. சேலை தரையில புரளுது, குனிஞ்சு வாசிச்சா.

"அப்பா பேரு சக்கரத்துல இருக்கு."

அம்பதுல போகும்போது ஒருத்தன் கண்ணுக்கும் தெரியாது பிள்ளே, அது பாட்டுக்குச் சுத்தும்னு சொன்னேன். உண்மைதானே?

"மண்ணுல உருளுது"ன்னா. அம்மாவைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு நடந்தே கோயிலுக்குப் போயிட்டா. மாமியாருக்கு மூட்டுவலி, அது வேற.

நான் அன்னைக்குக் கோயிலுக்குப் போகல. யோசிச்சேன். அவ சொன்னதுலயும் நியாயம் இருக்கு பாத்துக்கிடுங்க. செத்துப்போன மனுசன் பேரு சேத்துல உருளக் கூடாது. சரி, பேருதானே பிரச்சினை. நாலையும் கழட்டினேன். காத்தாடிக்குத் தேய்க்கிற காகிதம் இன்னும் என்கிட்ட இருக்கு. முதல்ல முரட்டுக் காகிதம், அப்புறம் நடுத்தரம், அப்புறம் நைசு. ஒரு மணிக்கு உக்காந்தவன் அஞ்சு மணிக்கு எந்திரிச்சேன். சாப்பிடல. ஆழமா வெட்டியிருந்தாரு மனுசன், லேசுல போகல. கடைசியில பாலீஷ் போட்டு எடுத்தா கண்ணாடி மாதிரி இருக்கு. என் விரலால தடவிப் பாத்தேன், என் விரலுக்கே தெரியல. பத்தொன்பது வருஷத்துல அப்படி ஒரு வேலை நான் செஞ்சது இல்ல.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். இந்தா பாரு, இப்போ பேரே இல்லன்னு சொன்னேன். ஒண்ணைக் கையில வாங்கினா. விரலால தடவினா. திருப்பிப் பாத்தா, அந்தப் பக்கமும் தடவினா, மறுபடியும் திருப்பினா. மத்த மூணையும் அதே மாதிரி. அப்புறம் மெதுவா தரையில வச்சிட்டு உள்ள போயி உலை வச்சா. ஏன் இப்படிப் பண்ணினேன்னு கேக்கல. சண்டை போடல. அழவும் இல்ல, அழுதிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். சரி, சமாதானம் ஆயிட்டான்னு நான் திரும்ப மாட்டிட்டேன்.

ஆனா அன்னையில இருந்து அவ இந்த வண்டியில ஏறல. பதினோரு மாசம். கோயிலுக்கு நடை. டாக்டர்கிட்ட அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஆட்டோ. நான் பின்னாலயே வண்டியை ஓட்டிக்கிட்டுப் போவேன், அவங்க ரெண்டு பேரும் ஆட்டோவுல முன்னால போவாங்க, ஊரே பாக்கும். கேட்டா, நீங்க போங்கன்னு சொல்லுவா. பேச்சு வார்த்தையெல்லாம் உண்டு. சோறு உண்டு, குழம்பு உண்டு. வண்டி மட்டும்தான் இல்ல.

இதுல பாருங்க, எது எனக்குச் சாட்சின்னு கேட்டா, மைலேஜ்தான் சாட்சி. தாம்பாளத்தை மாட்டின அந்த மாசமே எகிறிருச்சு சார். பதினெட்டுல கிடந்த வண்டி இருபத்திரண்டு. நானே நம்பல. அடுத்த மாசமும் பாத்தேன், இருபத்திரண்டு. அதுக்கடுத்த மாசமும் அதே. ஒரு மில்லி குறையல. வாலு, அடிவயிறு எல்லாம் சேந்து ஒண்ணுதான் குடுத்துச்சு. தாம்பாளம் மட்டும் நாலு குடுத்திருக்கு. நான் அவகிட்ட போயி, உங்க அப்பா குடுத்த சீருலதான் இவ்வளவும் வந்திருக்குன்னு சொன்னேன். எவ்வளவு பெருமையா சொன்னேன் தெரியுமா? 'நல்லது'ன்னா.

மெக்கானிக் நம்பல. கோயில்ல ஒருத்தரும் நம்பல. வள்ளியூர்ல போலீஸ்காரர் நிறுத்தினாரு, அவருக்கு அரை மணி நேரம் விளக்கினேன், போதும் போங்கன்னு விட்டுட்டாரு. இவனுங்க நம்பாட்டா போறானுங்க. அந்த இஞ்சினீயருங்க ஆதாரம் கேட்டானுங்கல்ல? இப்போ இருக்கு. மாசாமாசம் இருக்கு. எவன் வேணாலும் வந்து டேங்க்கை நிரப்பி ஓட்டிப் பாக்கட்டும். நான் தலைகுனிய மாட்டேன்.

கதையா கேக்குதீங்க, சரி, இன்னைக்கு என்னன்னு சொல்லுதேன். பால்காய்ப்புக்கு அவளும் மாமியாரும் நேத்தே பஸ்ல போயிட்டாங்க. கிளம்பும்போது வாசல்ல நின்னு, என்னைக் கூப்பிட வாரதா இருந்தா பஸ்ல வாங்கன்னா. காருல வந்தா நான் வரல, அம்மாவோட எட்வின் வீட்டுலயே இருந்துக்கிடுதேன்னா. விளையாட்டா சொல்லல. முப்பத்துமூணு வருஷம் சேந்து இருந்திருக்கோம், அவ குரலு எனக்குத் தெரியாதா? நான் ஒரு படி இறங்கித்தான் போனேன். ஊரு சிரிக்குதுன்னு உனக்குக் கூச்சமா இருக்கு, வாலுதானே பிரச்சினை, வேண்டாம்னா இப்பவே கழட்டிருதேன்னு சொன்னேன். மூணு வாலு செஞ்சவன் சார் நான். அவளுக்காகக் கழட்டுதேன்னு சொன்னேன்.

என்னையே பாத்துக்கிட்டு நின்னா. "வாலு என்ன பண்ணுச்சு?"ன்னா.

இதுக்கு என்ன அர்த்தம்? நீங்க படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, சொல்லுங்க. நானும் நேத்துல இருந்து யோசிக்கேன். வாலு இல்லன்னா வேற எது? பொம்பளைங்க மனசுல இருக்கிறதை வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும். மறைக்கல, அவ போனதுல இருந்து ஒரு பயம் இருக்கு. அவ இல்லாம அந்த வீட்டுல எனக்கு ஒரு வேலையும் ஓடாது. ஆனா பஸ்ல போயி இறங்கினா என்ன அர்த்தம்? இவ்வளவு நாளும் நான் செஞ்சது பைத்தியக்காரத்தனம்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகாதா? அதுனால காருலதான் போறேன்.

என்ன சொல்லுதீங்க? தாம்பாளத்தை எடுத்துரவா? சரியாப் போச்சு. அதுலதானே சார் நாலு கிலோமீட்டரும் இருக்கு. அது இல்லன்னா அப்புறம் இது வெறும் வாலு வச்ச வண்டி.

கொஞ்சம் இருங்க, போன் அடிக்குது. ஓரமா நிறுத்திக்கிடுதேன்.

ஹலோ. எட்வின், சொல்லு. நாங்குநேரி தாண்டியாச்சு. பால் காய்ச்சியாச்சா? நல்லது. என்ன? யாரு கேக்கச் சொன்னா? பக்கத்துலயா நிக்கா? அவகிட்ட குடு. வாங்க மாட்டேங்காளா? சரி, நான் சொல்லுததை அப்படியே சொல்லு. காருலதான் வாரேன். ஆமா. எல்லாம் மாட்டித்தான் இருக்கு. சொல்லிட்டியா? என்ன சொன்னா? உள்ள போயிட்டாளா? பின்ன என்ன பண்ணுதா? ம். ம். சரி. நான் வாரேன், வையி.

ஒண்ணும் இல்ல சார். அவன்தான். காலையிலயே பையைக் கட்டி வாசல்ல கொண்டு வச்சிருந்தாளாம், வந்ததும் கிளம்பணும்னு. பத்து மணியில இருந்து பஸ் ஸ்டாப்பைப் பாத்துக்கிட்டு நின்னாளாம். இப்போ பையை எடுத்து உள்ள கொண்டு போயிட்டாளாம். அலமாரியில துணியை எடுத்து அடுக்குதாளாம்.

அடுக்கட்டும்.

நீங்க சொல்லுதது புரியுது. இங்க வண்டியை விட்டுட்டு பஸ்ல ஏறிப் போகலாம், மனசை மாத்திக்கிட்டேன்னு சொல்லிக்கிடலாம்னு. அது ஏமாத்து சார். நான் அவளை ஒருநாளும் ஏமாத்தினது இல்ல. நான் செஞ்சது எனக்குத் தெரியும், காத்துக்கும் தெரியும். போவோம். பெல்ட்டைப் போடுங்க. நான் போயி மொய்யை வச்சிட்டு, சாப்பாடு போட்டா சாப்பிட்டுட்டு, அவ முகத்தைப் பாத்துட்டு வந்திருவேன். கூப்பிட மாட்டேன். கூப்பிட்டு அவ எல்லாரு முன்னாலயும் வரமாட்டேன்னு சொன்னா என்னால தாங்க முடியாது.

ஒரு உதவி கேக்கவா? நீங்களும் ஒரு அஞ்சு நிமிசம் அந்த வீட்டுக்கு வந்துட்டுப் போனா என்ன? அவ உங்களை முன்னப்பின்ன பாத்தது இல்ல, நீங்க சொன்னா நம்புவா. காவல்கிணத்துல இருந்து இந்த வண்டியிலதான் வந்தேன், ஒரு ஆட்டம் இல்ல, அசைவு இல்ல, நல்ல வண்டின்னு மட்டும் சொன்னா போதும். பால்காய்ப்பு வீடுதான், பாயசம் இருக்கும்.

வேலை இருக்கா? சரி, சரி. முன்னாலயே இறங்கிக்கிடுதீங்களா? அந்த மரத்துக்கிட்டயா? நிறுத்துதேன். பரவாயில்ல சார், இதுல என்ன இருக்கு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். யாரையும் பிடிச்சு வச்சு உக்கார வைக்க முடியுமா?

கதவைப் பதமா சாத்துங்க. அவ்வளவுதான். குனிஞ்சு ஒரு நிமிசம் கேளுங்க. திரும்பி வரும்போது ஆராம்பொழியில எனக்கு எதிர்காத்துதான், ஆனா அதைப் பத்திக் கவலை இல்ல. ஒத்த ஆளாத்தானே வரப் போறேன். வண்டியில ஆளு குறையக் குறைய மைலேஜ் கூடும், அது எந்த டிரைவரைக் கேட்டாலும் சொல்லுவான். இன்னைக்கு இருபத்திநாலு வரும். நீங்க நம்பாட்டாலும் வரும்.